நிகழ்தகவுக் கணக்கு: விடுவதா, சூத்திரமா, கட்டமா, பதினொன்றாம் வகுப்புப் புத்தகமா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா மகள் பெருந்துறையிலிருந்து பஸ் ஏறி கோபிக்கு வந்திருந்தாள். இன்ஜினியரிங் கடைசி வருடம். வெளிநாட்டில் மேற்படிப்புக்கு எழுதுகிற ஜி.ஆர்.இ. தேர்வுக்குத் தேதி வாங்கியாகிவிட்டது, அன்றைக்கு எண்ணினால் ஆறு வாரம். பையைத் திண்ணையில் வைத்த கையோடு கேட்டாள்: "ஏனுங் மாமா, இந்தப் பெர்முடேஷன், பிராபபிலிட்டி எல்லாம் உட்டறலாமுங்களா? இல்லீனா பார்முலாவ மட்டும் மனப்பாடம் பண்ணிக்கட்டுங்களா?"

சாயங்கால வகுப்பில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறவன் நான். இந்தக் கேள்வி எனக்கு வருஷா வருஷம் வருகிறது. இன்ஜினியரிங் நுழைவுத் தேர்வான ஜே.இ.இ.க்குப் படிக்கிற நாமக்கல் பையனும் கேட்பான், திருப்பூரில் வேலை பார்த்துக்கொண்டே ஐ.ஐ.எம். சேர்க்கைக்கான கேட் தேர்வுக்குத் தயாராகிற பெண்ணும் கேட்பாள். எல்லாருக்கும் ஒரே பதில் கிடையாது. எந்தத் தேர்வு, எத்தனை நாள் இருக்கிறது, இப்போது எங்கே தடுமாறுகிறது என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஆனாலும் எனக்கென்று ஒரு சாய்வு உண்டு. முதலில் கையால் எண்ண வேண்டும், அப்புறம் கட்டம் போட வேண்டும், சூத்திரம் கடைசியில் வர வேண்டும். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதை மற்ற வழிகளோடு பக்கத்தில் வைத்தே எழுதுகிறேன்.

விட்டுவிடலாமா?

இது தப்பான கேள்வி இல்லை. 2023 செப்டம்பரில் சுருக்கப்பட்ட பிறகு ஜி.ஆர்.இ. கணக்குப் பகுதியில் மொத்தம் 27 கேள்விகள். முதல் பிரிவில் 12 கேள்விக்கு 21 நிமிடம், இரண்டாவதில் 15 கேள்விக்கு 26 நிமிடம். ஒரு கேள்விக்கு ஏறத்தாழ ஒன்றே முக்கால் நிமிடம். எழுதிவிட்டு வருகிற பிள்ளைகளிடம் கேட்டால், எண்ணுதலும் நிகழ்தகவும் சேர்த்து இரண்டு, மூன்று கேள்வி வந்தது என்பார்கள். பத்து நாள்தான் இருக்கிறது, சதவீதமும் விகிதமும் இயற்கணிதமும் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது என்றால், விட்டுவிட்டு அவற்றைச் சரிசெய்வதுதான் புத்திசாலித்தனம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆறு வாரம் இருக்கிற பிள்ளைக்கு அப்படிச் சொல்ல மாட்டேன். ஜி.ஆர்.இ.யில் முதல் பிரிவை எவ்வளவு நன்றாகச் செய்கிறோமோ அதைப் பொறுத்துத்தான் இரண்டாம் பிரிவின் கடினம் அமைகிறது. நல்ல மதிப்பெண்ணுக்குப் போக வேண்டுமானால் கடினமான இரண்டாம் பிரிவுக்குள் நுழைந்தாக வேண்டும். முதல் பிரிவில் இரண்டு கேள்வியைத் தானமாகக் கொடுத்துவிட்டு அங்கே போய்ச் சேருவது சிரமம்.

விடுவது என்று முடிவெடுத்தாலும் காலியாக விடுவதா, ஏதாவது ஒன்றைக் குறித்துவிட்டு வருவதா என்பது தேர்வுக்குத் தேர்வு மாறும். ஜி.ஆர்.இ.யில் தப்பான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை, அதனால் எதையும் காலியாக விடக்கூடாது. ஜே.இ.இ. மெயினில் நான்கு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விக்குச் சரியானால் 4, தப்பானால் 1 குறையும். கண்ணை மூடிக் குறித்தால் சராசரியாக 4 × 1/4 – 1 × 3/4, அதாவது கால் மதிப்பெண் லாபம். ஒரு விடை நிச்சயம் தப்பு என்று தெரிந்து அதை ஒதுக்கிவிட்டால் சராசரி லாபம் 2/3 ஆகிவிடும். கேட் தேர்வில் நான்கு விடைக் கேள்விக்குச் சரியானால் 3, தப்பானால் 1 குறையும். அங்கே கண்ணை மூடிக் குறித்தால் சராசரி சரியாகப் பூஜ்யம், ஒரு விடையை ஒதுக்கிய பிறகுதான் குறிப்பதில் பிரயோஜனம். இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியதும் அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். விட்டுவிடலாம் என்று நினைத்த பாடம்தான் எந்தக் கேள்வியை விடலாம் என்று சொல்லித் தருகிறது என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் பட்டது.

சூத்திரத்தை மட்டும் மனப்பாடம் செய்தால்

படித்து முடித்த புதிதில் நானும் ஒரு நுழைவுத் தேர்வுக்காகக் கோவையில் ஒரு பயிற்சி மையத்தில் சேர்ந்தேன். முதல் நாளே இரண்டு பக்கமும் அச்சிட்ட ஒரு சூத்திரத் தாளைக் கையில் கொடுத்தார்கள். வரிசை மாற்றம் (முன்பின் பார்த்து அடுக்குவது), சேர்வு (முன்பின் பார்க்காமல் தேர்ந்தெடுப்பது), வட்ட வரிசை, ஒரே எழுத்து திரும்ப வரும் சொற்கள் என்று எல்லாம் அதில் இருந்தது. மூன்றே நாளில் தலைகீழாக ஒப்பித்தேன். மாதிரித் தேர்வில் அந்தப் பாடத்தில் ஒன்றுகூடச் சரியில்லை. சூத்திரம் மறக்கவில்லை. எந்தக் கேள்விக்கு எந்தச் சூத்திரம் என்று கேள்வியில் எழுதியிருக்கவில்லை, அவ்வளவுதான்.

அதே தடுக்கலை அக்கா மகளிடமும் பார்த்தேன். நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் அவளுக்கு ஒரு கணக்கு எழுதிக் கொடுத்தேன். கோயில் நோம்பிக்கு மூன்று பேர் கொண்ட கமிட்டி போட வேண்டும். முன்வந்தவர்கள் 5 பெண்கள், 3 ஆண்கள். கமிட்டியில் ஒரு ஆணாவது இருக்க வேண்டும். எத்தனை விதமாகப் போடலாம்?

சட்டென்று எழுதினாள். ஒரு ஆணைத் தேர்ந்தெடுக்க 3 வழி. மீதி ஏழு பேரில் இரண்டு பேர், 7-ல் 2 சேர்வு, 21. மூன்றை இருபத்தொன்றால் பெருக்கி 63. பார்க்கச் சுத்தமாக இருக்கிறது, சூத்திரமும் தப்பில்லை.

"செரி கண்ணு, எந்த நிபந்தனையும் இல்லாம எட்டுப் பேர்ல மூணு பேர எத்தன விதமா எடுக்கலாம்?" என்று கேட்டேன்.

போட்டாள். 56.

நிபந்தனை இல்லாமலே 56 விதம்தான் இருக்கிறது என்றால், நிபந்தனை போட்ட பிறகு 63 எப்படி வரும்? பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். இரண்டு ஆண்கள் இருக்கிற கமிட்டியை அவள் இரண்டு தடவை எண்ணியிருக்கிறாள். முதலில் முருகேசனைத் தேர்ந்தெடுத்து அப்புறம் மீதியில் பழனிசாமியை எடுத்தாலும், பழனிசாமியை முதலில் எடுத்து முருகேசனைப் பிறகு எடுத்தாலும் கமிட்டி ஒன்றேதான். மூன்றும் ஆண்களாக இருந்தால் மூன்று தடவை எண்ணப்பட்டிருக்கும். ஆண்களே இல்லாத கமிட்டி 5-ல் 3 சேர்வு, 10. மொத்தத்தில் அதைக் கழித்தால் 46. அதுதான் விடை.

சூத்திரத்தைக் குறை சொல்லவில்லை. எது எண்ணப்படுகிறது என்று தெரிந்தவன் கையில் அது மணிக்கணக்கை மிச்சம் பிடித்துத் தரும். பத்தில் மூன்று சேர்வு 120 என்று நிமிடத்தில் சொல்லிவிடலாம், பட்டியல் போட்டால் பொழுது சாய்ந்துவிடும். ஆனால் சூத்திரத்தாளை மட்டும் வைத்துக்கொண்டு போகிற பிள்ளைக்கு, தான் தப்பாக எண்ணுகிறோம் என்பது தெரியவே தெரியாது. 63 என்ற எண், கொடுத்திருக்கும் விடைகளில் ஒன்றாக அங்கேயே உட்கார்ந்திருக்கும். கேள்வி தயாரிப்பவர்களுக்கு அந்தத் தடுக்கல் நன்றாகத் தெரியும்.

கட்டம் போடுவது

கட்டம் என்று நான் சொல்வது எண்ணுதலின் அடிப்படைக் கொள்கைதான். நிரப்ப வேண்டிய இடத்துக்கு ஒரு கட்டம், கட்டத்துக்குள் எத்தனை வழி என்ற எண், பிறகு பெருக்கல். திருப்பூர்ப் பனியன் ஆர்டரில் 4 நிறம், 5 அளவு, ரவுண்ட் நெக், வி நெக் என்று 2 கழுத்து. மூன்று கட்டம், 4 × 5 × 2, நாற்பது ரகம். இவ்வளவு எளிதாக இருப்பதாலேயே பிள்ளைகள் இதை ஐந்தாம் வகுப்புக் கணக்கு என்று தள்ளிவிடுகிறார்கள்.

கொஞ்சம் முறுக்கினால் இதன் அருமை தெரியும். இலக்கங்கள் திரும்ப வராத மூன்று இலக்க இரட்டை எண்கள் எத்தனை? வரிசை மாற்றச் சூத்திரம் இங்கே நேரடியாக உதவாது, முதல் இடத்தில் பூஜ்யம் வரக்கூடாது, கடைசி இடம் இரட்டையாக இருக்க வேண்டும் என்று இரண்டு கட்டுப்பாடு குறுக்கே நிற்கின்றன. கட்டத்தில் போட்டால் வழி தானாகத் தெரியும். எந்தக் கட்டத்துக்குக் கெடுபிடி அதிகமோ அதை முதலில் நிரப்ப வேண்டும். கடைசியில் 0 வந்தால், முதல் கட்டத்துக்கு 9, நடுவுக்கு 8, ஆக 72. கடைசியில் 2, 4, 6, 8-ல் ஒன்று வந்தால் அதற்கு 4 வழி, முதல் கட்டத்துக்குப் பூஜ்யமும் அந்த இலக்கமும் போக 8, நடுவுக்கு 8, ஆக 256. மொத்தம் 328.

சேர்வுச் சூத்திரமும் கட்டத்திலிருந்தே பிறக்கிறது. எட்டுப் பேரில் மூன்று பேர் என்றால் 8 × 7 × 6, 336. கமிட்டியில் வரிசை கிடையாது, அதே மூன்று பேரை 3 × 2 × 1 விதமாக முன்பின் எடுத்திருப்போம். 336 ÷ 6 = 56. இதை நாலு தடவை கையால் செய்த பிள்ளை சூத்திரத்தை மறந்தாலும் நிமிடத்தில் மறுபடி கட்டிவிடும். ஜி.ஆர்.இ. திரையில் கிடைக்கும் கால்குலேட்டரில் பேக்டோரியலுக்கு, அதாவது 3 × 2 × 1 மாதிரிப் பெருக்கலுக்கு, பொத்தான் கிடையாது என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்.

கட்டத்துக்கும் ஒரு குறை உண்டு. கட்டம் போட்டாலே வரிசையை எண்ணிவிடுகிறோம். வரிசை முக்கியமில்லாத இடத்தில் வகுக்க மறந்தால் விடை பல மடங்கு பெருத்துவிடும். அதனால் ஒவ்வொரு கணக்கிலும் ஒரு சோதனை வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். தேர்ந்தெடுத்ததில் இரண்டை இடம் மாற்றிப் பார். புது விடை ஆகிறதா, பழையதேதானா? பழையதேதான் என்றால் வகுத்தாக வேண்டும்.

தாயக்கட்டையில் கற்றது

நிகழ்தகவுக்கு மட்டும் கட்டத்துக்கும் முந்தின படி ஒன்று வேண்டும். எல்லா விளைவுகளையும் எழுதிப் பார்ப்பது. புத்தகத்தில் கூறுவெளி என்பார்கள். நாணயம், பகடை என்று எல்லாரும் சொல்லித் தருகிறார்கள். எங்கள் வீட்டில் அம்மாவின் பித்தளைத் தாயக்கட்டை இருந்தது, அதை எடுத்துக்கொண்டேன். இரண்டு கட்டை, ஒவ்வொன்றிலும் நான்கு முகம், புள்ளிகள் 0, 1, 2, 3. இரண்டிலும் பூஜ்யம் விழுந்தால் 12, ஒன்றில் 1, மற்றதில் 0 விழுந்தால் தாயம், மற்றதெல்லாம் கூட்டுத்தொகை.

"தாயம் உழ என்ன வாய்ப்பு?" என்று கேட்டேன். விழக்கூடியவை தாயம், 2, 3, 4, 5, 6, 12 என்று ஏழு. அதனால் ஏழில் ஒன்று என்றாள்.

இந்தத் தப்பை 1754-ல் பிரெஞ்சுக் கணித மேதை டாலம்பேர்கூடச் செய்திருக்கிறார். இரண்டு முறை நாணயம் சுண்டினால் ஒரு தடவையாவது தலை விழும் வாய்ப்பு 2/3 என்று அந்நாளைய பெரிய கலைக்களஞ்சியத்திலேயே எழுதிவைத்தார். முதலிலேயே தலை விழுந்துவிட்டால் ஆட்டம் முடிந்தது, அதனால் விளைவு மூன்றுதான் என்று எண்ணினார். சரியான விடை 3/4. சமமாக வாய்ப்பில்லாத விளைவுகளைச் சமமாக எண்ணியதுதான் பிசகு.

தாளில் நான்குக்கு நான்கு கட்டம் வரைந்து பதினாறையும் நிரப்பச் சொன்னேன். தாயம் (0, 1), (1, 0) என்று இரண்டு இடத்தில். மூன்று மட்டும் நான்கு இடத்தில் வருகிறது. ஆறும் பன்னிரண்டும் ஒவ்வோர் இடம். கட்டை ஒழுங்காக இருந்தால் தாயத்துக்கு 2/16, அதாவது எட்டில் ஒன்று. எங்கள் ஆட்டத்தில் தாயம், 5, 6, 12 விழுந்தால் இன்னொரு முறை போடலாம், அதற்கு வாய்ப்பு 6/16. அம்மா இதையெல்லாம் பார்த்துக்கொண்டே, "தாயம் உழுவறதுக்குக் கை ராசி வேணுங் கண்ணு" என்றார். பேத்தி விடவில்லை. மூன்று தடவை போட்டால் ஒரு தடவையாவது தாயம் விழ என்ன வாய்ப்பு என்று தானே கேட்டுத் தானே போட்டாள். ஒரு தடவையும் விழாமல் இருக்க 7/8-ஐ மூன்று முறை பெருக்கினால் 343/512. ஒன்றிலிருந்து கழித்தால் 169/512, கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. 'ஒரு தடவையாவது' என்றால் எதிர்ப்பக்கத்தை எண்ணிக் கழிப்பது லேசு என்பதை நோம்பிக் கமிட்டியிலிருந்து இங்கே அவளே கொண்டுவந்து பொருத்திவிட்டாள். எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

பெரிய எண்கள் வந்தால் பதினாறு கட்டம் மாதிரி எழுதிக்கொண்டிருக்க முடியாது. அங்கே இரண்டு வழி. நாமக்கல்லிலிருந்து வந்த முப்பது முட்டைத் தட்டில் 3 முட்டை கீறல். பார்க்காமல் இரண்டை எடுத்தால் இரண்டும் நல்லதாக இருக்க என்ன வாய்ப்பு? பின்னமாகப் பெருக்கினால் 27/30 × 26/29. சேர்வாகப் போட்டால் 27-ல் 2 சேர்வு 351, 30-ல் 2 சேர்வு 435, ஒன்றை ஒன்றால் வகுக்க வேண்டும். இரண்டிலும் 117/145தான் வரும். இந்தக் கேள்விக்குப் பின்ன வழி வேகம். ஆனால் 'சரியாக ஒன்று மட்டும் கீறல்' என்று கேட்டால் பின்ன வழியில் கீறல் முதலில் வரலாம், இரண்டாவதாக வரலாம் என்று இரண்டால் பெருக்க மறந்துவிடுவார்கள். விடை பாதியாகப் போய்விடும். சேர்வு வழியில் 3 × 27 ÷ 435, 27/145 என்று நேராக வந்துவிடும். ஒன்றுக்கு மேல் எடுத்து, கலந்து வரும் கணக்கென்றால் சேர்வு வழிக்குப் போவதுதான் எனக்குப் பிடித்தது.

பாடப்புத்தகமும் வகுப்பும்

தமிழ்நாடு அரசின் பதினொன்றாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தில் நான்காம் பாடம் சேர்ப்பியலும் (எண்ணுதல் கணக்கு) தொகுத்தறிதலும், பன்னிரண்டாம் பாடம் நிகழ்தகவு. இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, தமிழிலும் ஆங்கிலத்திலும். ஜே.இ.இ. எழுதுகிறவர்கள் எண்ணுதலையும் நிகழ்தகவையும் படித்தாக வேண்டும், பேயிஸ் தேற்றம் அவர்கள் பாடத்திட்டத்தில் இருக்கிறது, பன்னிரண்டாம் வகுப்பின் நிகழ்தகவுப் பரவலும் சேர்ந்துதான் வரும். ஜி.ஆர்.இ.க்கு நான்காம் பாடத்தில் தொகுத்தறிதலைத் தொட வேண்டாம். பன்னிரண்டாம் பாடத்தில் நிபந்தனை நிகழ்தகவு (ஒன்று நடந்துவிட்டது என்று தெரிந்த பிறகு இன்னொன்றின் வாய்ப்பு) வரைக்கும் போனால் போதும். அதற்கு மேல் படிப்பது நேரத்துக்குக் கேடு. பத்தாம் வகுப்புப் புத்தகத்தின் கடைசிப் பாடத்திலேயே மர வரைபடமும் கூறுவெளியும் இருக்கின்றன, பள்ளி விட்டு வருஷமானவர்கள் அங்கிருந்து தொடங்கட்டும்.

கோவைக்குப் போய் வகுப்பில் சேரலாமா என்றும் கேட்டாள். கோபியிலிருந்து போக மட்டும் பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்கு மேல். இந்த ஒரு பாடத்துக்காக அலைய வேண்டாம் என்றேன். தப்பைப் பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும், அது கல்லூரித் தோழியாகக்கூட இருக்கலாம்.

அவளுக்கு உண்மையான சிக்கல் வேறிடத்தில் இருந்தது. பன்னிரண்டு வரை தமிழ் வழியில் படித்தவள். 'குறைந்தபட்சம் ஒன்று', 'திரும்ப வைக்காமல்' என்றால் உடனே பிடிபடுகிறது. அதையே 'அட் லீஸ்ட்', 'வித்அவுட் ரீப்ளேஸ்மெண்ட்', 'டிஸ்டிங்ட்' என்று ஆங்கிலத்தில் பார்க்கும்போது கண் தாண்டிப் போய்விடுகிறது. இத்தனைக்கும் கணக்கின் சாவியே அந்தச் சொல்தான். 'டிஸ்டிங்ட்' இருந்தால் இலக்கம் திரும்ப வராது. 'ரீப்ளேஸ்மெண்ட்' இல்லையென்றால் அடுத்த பின்னத்தின் கீழ் எண் ஒன்று குறையும். கேள்வியைப் படித்ததும் அந்தச் சொல்லுக்கு அடியில் கோடு போட்டு, பக்கத்தில் தமிழில் எழுதிவிட்டுத்தான் கட்டம் போட வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். தேர்வில் கணினித் திரையில் கோடு போட முடியாது, கொடுக்கிற ரஃப் தாளில் அந்த ஒரு சொல்லை மட்டும் எழுதிக்கொள்ளலாம்.

ஆறு வாரத்தை இப்படிப் பிரித்தோம். முதல் வாரம் பட்டியலும் கட்டமும் மட்டும், சூத்திரத்தைத் தொடக்கூடாது. இரண்டாம் வாரம் வகுத்தலும் சேர்வும். மூன்றாவதில் நிகழ்தகவு. அதற்குப் பிறகு இந்தப் பாடத்துக்குத் தினம் அரை மணி நேரம்தான், மீதி நேரம் மற்ற பாடங்களுக்கு. தப்பான கணக்கை மட்டும் எழுதி வைக்க ஒரு நாற்பது பக்க நோட்டு. வரிசையில் தப்பா, பூஜ்யத்தில் தப்பா, சொல்லில் தப்பா என்று ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு வார்த்தை.

நான்காம் வாரம் இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. நேற்றிரவு அந்த நோட்டின் ஒரு பக்கத்தை வாட்ஸ்அப்பில் படமெடுத்து அனுப்பியிருந்தாள். வரிசைத் தப்பு புதிதாக ஒன்றும் ஏறவில்லை. ஏறிய இரண்டுமே 'அட் மோஸ்ட்', அதாவது 'அதிகபட்சம் இத்தனை' என்கிற கணக்கு, ஒன்றுமே இல்லாத நிலையை எண்ண விட்டிருக்கிறாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை அதைத்தான் எடுக்கப் போகிறோம்.